நிஜ அளவு

தாயில்பட்டி
5.3.2006

அன்புத் தம்பி அன்பரசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் மூன்று வேளையும் சாப்பிட்டு, நடுவில் சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், சண்டை மட்டும் இல்லாமல்.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். பூத்தில் நான் பேசினால் உனக்குப் பாதி புரிவதில்லை. "என்னக்கா, திருப்பிச் சொல்லு" என்றே பத்துத் தடவை கேட்கிறாய். கீழ்ப்பல் இல்லாதவள் வாயில் 'சாப்பிட்டாயா' என்பதே காற்றாகத்தான் வருகிறது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் வேறு என் வாயையே பார்க்கிறார்கள். கடிதத்தில் எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. அதனால் கடிதம்தான்.

பெண்ணின் பெயர் சண்முகத்தாய், சாத்தூர்ப் பூர்வீகம், இப்போது அம்பத்தூரில் குடியிருக்கிறார்கள், எல்லோரும் சண்முகி என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல பெயரை எதற்கு நறுக்குகிறார்கள்? நான் முழுசாகத்தான் கூப்பிடுவேன், இப்போதே சொல்லிவை. தீபாவளி முடிந்து நவம்பர் ஐந்தாம் தேதி கல்யாணம் என்றால் ரொம்ப வசதி. சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிக்கெல்லாம் லீவு. நம் தெருவே வேன் பிடித்துச் சென்னைக்கு வந்து இறங்கிவிடும்.

அம்மாவும் அய்யாவும் இல்லாத கல்யாணம் இது. மேடையில் உன் பக்கத்தில் நிற்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். நீ முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டும் நாத்தனார் என் கையால்தான் விழ வேண்டும். அதை நினைத்தாலே கண் நிறைந்துவிடுகிறது. ஆனால் வீடியோக்காரன் முகத்தில் லைட் அடிப்பானே, அப்போது என்ன செய்வது? வழக்கம்போலச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தலாம் என்றேன். "முடிச்சுப் போட ரெண்டு கையும் வேணுமே, மூணாவது கைக்கு எங்கன போவ?" என்று உன் மச்சான் கேட்கிறார்.

அதனால் நீ சொன்னபடியே விருதுநகர் போய்ப் பல் டாக்டர் லட்சுமிகாந்தம் அம்மாவைப் பார்த்தேன். கம்பெனியில் பக்கத்து மருந்து ரூம் வெடித்துக் கதவுப் பலகை வந்து தாடையில் அடித்ததைச் சொன்னேன். முன்பல் நாலும் வலப்பக்கத்துப் பல் அத்தனையும் ஒரே நிமிடத்தில் போனதைக் கேட்டு அந்தம்மா "அய்யோ" என்றார். கழற்றி மாட்டுகிற செட்டு நிற்காதாம், ஏழு வருடத்தில் எலும்பு தேய்ந்துவிட்டதாம். எலும்புக்குள் மூன்று திருகு வைத்து அதன் மேல் பல் கட்டலாம் என்கிறார். "ஆனா தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுதும்மா. கீழ் உதட்டுக்கு அதுதான் உணர்ச்சி கொடுக்குது. அதுக்கு மேல எலும்பு எவ்வளவு இருக்குன்னு ஸ்கேன்ல அளந்து பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

ஸ்கேன் என்றதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. செலவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதிவிட்டாய். சரி, திறக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
வேல்விழி


சென்னை
19.3.2006

பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வாசித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பயப்பட ஒன்றுமே இல்லை. ஊசி கிடையாது, வலி கிடையாது. படுத்தால் போதும், தலையைச் சுற்றி மெஷின் படம் பிடித்துவிடும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, முருங்கைக்காயை நறுக்குகிற மாதிரி உன் தாடையைத் துண்டு துண்டாகக் காட்டுவோம். ஒவ்வொரு துண்டிலும் சின்ன வட்டமாக நரம்பு போகிற பாதை தெரியும். அந்த வட்டத்துக்கு மேல் எத்தனை மில்லி எலும்பு இருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் திருகின் நீளத்தை முடிவு செய்வார். ஸ்கேன் எடுப்பதும் அதை பிலிமில் அச்சுப் போடுவதும் என் வேலை. உன் தாடையை வேறு யாரும் தொடப் போவதில்லை, நானே பார்த்துக்கொள்வேன்.

சிவகாசியில் பிரஸ்ஸில் காலண்டர் டிசைன் பண்ணிக்கொண்டே இந்தப் படிப்புக்கு நான் அப்ளிகேஷன் போட்டபோது, எல்லோரும் உனக்கெதற்கு இந்த வேலை என்றார்கள். நீ மட்டும்தான் போடா என்றாய். நீ மருந்து ரூமிலும் பேக்கிங்கிலும் நின்று என்னைப் படிக்கவைத்தாய். அந்தப் படிப்பு உன் வாய்க்கு உதவட்டும்.

கல்யாணத்தன்று நீ வாயைப் பொத்தாமல் சிரிக்க வேண்டும், அக்கா. அவர்கள் வீட்டில் எல்லோரும் நிறைய போட்டோ எடுப்பவர்கள். யாரும் உன்னை ஒரு மாதிரி பார்த்தால் என்னால் தாங்க முடியாது.

லட்சுமிகாந்தம் அம்மாவிடம் ஒரு தகடு செய்து தரச் சொல். பல் வர வேண்டிய இடத்தில் அவர் பொட்டு வைத்துத் தருவார். அதைக் கடித்துக்கொண்டுதான் ஸ்கேன் எடுக்க வேண்டும். மருமகள் ஓவியாவையும் கூட்டிக்கொண்டு வா, கடல் காட்டுகிறேன்.

உன் தம்பி,
அன்பு


தாயில்பட்டி
30.4.2006

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். கடலைப் பற்றிப் பேசாமல் ஓவியா ஒரு வாய் சாப்பிடுவதில்லை. அதைவிட உன் மெஷின்தான் அவளுக்குப் பெரிய அதிசயம். "அம்மாவ மிஷினு முழுங்கி, மாமா வெளிய எடுத்தாரு" என்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொல்லியாகிவிட்டது.

அந்தத் தகட்டை டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்ததற்கு நீ சிரித்தாயே, பஸ்ஸில் வேறு எப்படி உடையாமல் கொண்டுவருவது? மூக்குத்தி, தோடு, தாலிச் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறோடு படுத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நிற்பது தெரிந்ததும் அடங்கிவிட்டது. கோட்டுப் போட்டுக்கொண்டு நீ அங்கே நின்ற அழகை அம்மா பார்த்திருக்க வேண்டும்.

சண்முகத்தாயை எனக்குப் பிடித்திருக்கிறது. வாய் நிறைய அண்ணி என்றாள். அவள் அம்மாவும் நல்ல மாதிரிதான். ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் புழுங்கும். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஹாலில் இலை போட்டபோது, "அக்காவுக்கு உள்ளே வைங்க" என்று நீ சொன்னாய். நான் மெல்லுவதை நாலு பேர் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று சொன்னாய் என்றே எடுத்துக்கொண்டேன். மச்சான் வேறு விதமாக எடுத்துக்கொண்டு வழியெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். நான்தான் சமாதானம் சொன்னேன். நான் சொன்னதுதான் சரி, இல்லையா?

படத்தைச் சீக்கிரம் அனுப்பு. திருகு வைத்தபின் எலும்பு பிடிக்க மூன்று மாதம் ஆகுமாம். அதற்குப் பிறகுதான் பல். நாளை எண்ணிப் பார்த்தால் கல்யாணத்துக்குச் சரியாக இருக்கிறது.

உன் அக்கா,
வேல்விழி


சென்னை
12.5.2006

பிரியமான அக்காவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

படம் போன வாரமே கூரியரில் டாக்டரம்மாவுக்குப் போயிற்று. நீயும் ஒரு தடவை வாங்கிப் பார். மெஷின் தருகிற படம் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும், ஷீட்டில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். பிரஸ்ஸில் அப்படி வெள்ளை விட்டுக் காலண்டர் அடித்தால் எங்கள் போர்மேன் ஷீட்டையே கிழித்துப்போடுவார். அந்தப் பழக்கம் போகுமா? உன் படத்தை நானே உட்கார்ந்து ஷீட் நிறைய வருகிற மாதிரி பெரிதாக்கினேன். ஓரத்தில் கிடந்த கோடுகளையும் அளவுக் குறிகளையும், காலண்டருக்கு வெட்டுவது மாதிரியே வெட்டியெடுத்துவிட்டேன். ஒவ்வொரு துண்டும் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் சென்டரிலிருந்து இத்தனை அழகான பிலிம் இதுவரை போனதில்லை.

டாக்டரம்மாவும் போன் பண்ணினார். நரம்புக்கு மேல் போதுமான எலும்பு இருக்கிறது, தைரியமாக வைக்கலாம் என்றார். எனக்கு உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. பூத்துக்கு உன்னைக் கூப்பிட்டால் திட்டுவாய் என்று எழுதுகிறேன்.

முகூர்த்தப் பட்டு எடுத்துவிட்டோம். உனக்கு அரக்கு நிறம்.

உன் தம்பி,
அன்பு


தாயில்பட்டி
18.6.2006

அன்புத் தம்பிக்கு,

திருகு மூன்றும் வைத்தாயிற்று. ஜூன் இரண்டாம் தேதி. டாக்டரம்மா ரொம்பப் பொறுமை. மரத்துப்போகிற ஊசி போட்டதால் வலியே தெரியவில்லை. எலும்பில் துளை போடும் சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது. கடைசித் துளை போடும்போது மட்டும் ஒரு தடவை மின்சாரம் அடித்த மாதிரி உதட்டில் சுரீர் என்றது. மற்றபடி ஒன்றுமில்லை.

வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் மரப்பு மட்டும் இன்னும் போகவில்லை. கீழ் உதட்டில் வலப்பக்கமும் அதற்குக் கீழே முகவாயும் என்னுடையது மாதிரியே இல்லை. தொட்டால் வேறு யாரையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. டீ குடித்தால் அது ஓரமாக இறங்கி ஜாக்கெட் வரைக்கும் நடந்து போகிறது, எனக்குத் தெரிவதில்லை. ஓவியா ஒரு துணியை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். "அம்மா, ஒழுகுது" என்பாள், துடைப்பாள். இத்தனை நாள் அவளுக்கு நான் துடைத்தேன், இப்போது முறை மாறிவிட்டது என்று மச்சான் கேலி செய்கிறார்.

போய்க் காட்டினேன். டாக்டரம்மா சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டார். "பின்னால வச்ச திருகு நரம்புக்கு ரொம்பக் கிட்ட தெரியுது. படத்துல அவ்வளவு எலும்பு இருந்ததே, எப்படின்னு புரியலை. மதுரையில இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு, தேவைப்பட்டா அந்த ஒண்ணை மட்டும் உடனே எடுத்துடலாம். உங்க தம்பி இந்தத் துறையிலதானே இருக்கார், அவரையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்.

நீ என்ன சொல்கிறாய்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் அக்கா,
வேல்விழி


சென்னை
2.7.2006

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கவலைப்பட வேண்டாம். சிலருக்கு இப்படி ஆவது உண்டு. தானாகவே சரியாகிவிடும், ஆறு மாதம் வரைக்கும் பொறுக்கலாம். இன்னொரு ஸ்கேன் தேவையில்லை. அடுத்தடுத்து ஸ்கேன் எடுப்பது உடம்புக்கு நல்லதல்ல. இருக்கிற திருகை எடுத்தால் பல்லும் தள்ளிப்போகும், கல்யாணத்துக்கு ஆகாது.

எனக்கென்னவோ அந்த டாக்டரம்மாவுக்கு அனுபவம் போதாது என்று தோன்றுகிறது. ஆழமாக அழுத்திவிட்டார் போல. நான் அனுப்பிய படம் சரியாகத்தான் இருந்தது. அந்த பிலிமை அவரிடமிருந்து வாங்கி எனக்கு அனுப்பிவிடு. இங்கே பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அன்பு


தாயில்பட்டி
20.8.2006

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடி ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்தேன். மரப்பு அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் சாப்பிடும்போது உதட்டைச் சேர்த்துக் கடித்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை. சோற்றில் சிவப்பாக இருக்கிறதே, குழம்பு சிந்திவிட்டதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ஒதட்டுல ரத்தம்!" என்று ஓவியா கத்திய பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அழுதேன், அன்பு. வெடித்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. வலித்தால் வலிக்கிற இடம் நம்முடையது என்றாவது தெரியும்.

கம்பெனியில் சீசன் உச்சத்தில் இருக்கிறது. லோடு மேல் லோடு போகிறது. நான் லேபிள் ஒட்டுகிற இடத்தில் பக்கத்தில் உட்காரும் கருப்பம்மாள் மதினிதான் நடுநடுவே சைகை காட்டுவாள், நான் துடைத்துக்கொள்வேன். நல்லவள், யாருக்கும் தெரியாமல் காட்டுவாள்.

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டியதுதான் தப்பாகிவிட்டது. மனுஷன் தான் ஓட்டுகிற கம்பெனி வேனை நேரே விருதுநகருக்கு விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில், உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "எம் பொண்டாட்டி ஒதட்டையே சாகடிச்சிட்டீகளே! இதுக்குத்தான் இம்புட்டுப் படிச்சீகளா? கை பழக என் வீட்டுக்காரிதான் கெடச்சாளா?" என்று கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. "என் தம்பி ஸ்கேன்ல வேலை பார்க்கான், அவனே சொல்லிட்டான், ஒங்க கைதான் அழுத்திருச்சுன்னு" என்று சொன்னேன். அந்தம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைசியில், "ஸ்கேனுக்கு நானே ஏற்பாடு பண்றேன், ஒரே ஒரு தடவை வாங்கம்மா" என்று கெஞ்சினார். வந்துவிட்டோம்.

மச்சான் அதோடு விடவில்லை. தினமும் வேனில் ஏறுகிற பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். நம் பக்கத்திலிருந்து அந்த டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது யாரும் போவதில்லை.

பிலிமைக் கேட்டேன். அவர் தரவில்லை.

உன் அக்கா,
வேல்விழி


சென்னை
3.9.2006

அக்காவுக்கு,

இனி அந்த டாக்டரோடு எந்தப் பேச்சும் வேண்டாம். மதுரைக்கு ஸ்கேனுக்கும் போகாதே. அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எதையாவது சொல்வார்கள். கல்யாணம் முடியட்டும், உன்னை இங்கே கூட்டிவந்து நானே நல்ல இடத்தில் காட்டுகிறேன்.

பத்திரிகை அடித்தாயிற்று, தனியாக அனுப்பியிருக்கிறேன். உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். அரக்குப் பட்டும் ஓரம் தைத்து வந்துவிட்டது. எதையும் யோசிக்காமல் வந்து சேர்.

அன்பு


தாயில்பட்டி
8.10.2006

அன்பரசனுக்கு,

மதுரைக்குப் போனேன். நீ வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எழுதியதால்தான் போனேன். என் தம்பி ஒரு விஷயத்தை இத்தனை தடவை வேண்டாம் என்பவன் அல்ல.

டாக்டரம்மா தன் செலவில் கூட்டிப்போனார். இவ்வளவு நடந்த பிறகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். புதுப் படம் வந்ததும், நீ அனுப்பியதைப் பக்கத்தில் வைத்தார். அதே தாடைதான். உன் படத்தில் அது பெரிதாக இருந்தது. ஒரே துண்டில் அவர் ஸ்கேலை வைத்துக் காட்டினார். உன்னுடையதில் நரம்புக்கு மேல் பதினாலு மில்லி. மதுரைப் படத்தில் பதினொன்று. "பதினாலுன்னு நம்பி, ரெண்டு விட்டு, பன்னிரண்டு மில்லி திருகு போட்டேன்மா" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கு எனக்கும் வரும்.

"பிலிம்ல அளவுக்கோடு இல்லைன்னதும் சந்தேகப்பட்டு உங்க தம்பிக்குப் போன் பண்ணினேன். நிஜ அளவுதானேன்னு கேட்டேன். ஆமா மேடம், நிஜ அளவுதான்னு சொன்னார். நான் திருப்பி ஒரு பிலிம் கேட்டு வாங்கியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு" என்றார். பார், அவருக்குத் தன் பங்கைச் சொல்ல வாய் வந்தது.

பின் திருகை எடுத்துவிட்டார். மற்ற இரண்டும் நன்றாகப் பிடித்திருக்கின்றன, அதில் பல் கட்டியாயிற்று. உதடு திரும்புமா என்று கேட்டேன். கொஞ்சம் திரும்பலாம், முழுக்கத் திரும்பாது என்றார். "ஜூன் மாசமே எடுத்திருந்தா வாய்ப்பு இருந்தது" என்றார். ஜூன் மாதம் நான் யாரைக் கேட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அளவு தப்பியதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்காவின் படம் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தாய். அதற்காக நான் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலையில் நீ பிலிமைத் திருப்பிக் கேட்டபோது உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே ஆறு மாதம் பொறு என்று எழுதினாய். தெரிந்துகொண்டே ஒரு நல்ல மனுஷிமேல் பழியைப் போட்டாய். நான் அவர் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லி அவரை அவமானப்படுத்தினேன். அந்த வார்த்தைகளை நான் எப்படித் திருப்பி எடுப்பேன்?

மச்சான் போய் அதே வாசலில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். இப்போது வேனில் உண்மையைச் சொல்கிறார், யாரும் நம்புவதில்லை. டாக்டர் பணம் கொடுத்துவிட்டார் போல என்கிறார்கள்.

கல்யாணத்துக்கு மச்சானும் ஓவியாவும் வருவார்கள். அவர் மாட்டேன் என்றார், தாய்மாமன் கல்யாணத்தைப் பிள்ளை பார்க்காமல் இருக்கக் கூடாது என்று நான்தான் ஒப்புக்கொள்ளவைத்தேன். நான் வரவில்லை. முடிச்சுப் போட சித்தப்பா மகள் ராக்காயியை அனுப்புகிறேன், அவளும் உனக்கு அக்கா முறைதான். பல் நன்றாக இருக்கிறது, கண்ணாடியில் பார்த்தேன். மேடையில் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வராது.

நீ நன்றாக இரு. சண்முகத்தாயை அழவைக்காதே.

அக்கா


சென்னை
12.11.2006

என் அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று சண்முகத்தாயைக் கேள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள்தான் இதை எழுத உட்காரவைத்தாள்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. ஜூன் கடிதத்தில் உதட்டில் சுரீர் என்றது என்று நீ எழுதியதைப் படித்ததும் சென்டருக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் உன் படத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மற்றவர்களுடைய படத்தையெல்லாம் மெஷின் தருகிறபடியேதான் அச்சடிப்பேன், அக்கா. உன்னுடையதை மட்டும்தான் பெரிதாக்கினேன். டாக்டரம்மா போனில் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. எங்களிடமிருந்து போவதெல்லாம் நிஜ அளவுதான், வாய் தானாக ஆமாம் என்றது.

சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். வேலை போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். உதடு தானாகவே சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாமலே போய்விடும் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டேன். அந்த டாக்டர்மேல் பழியைப் போட்டு எழுதியபோது, இரண்டு வரிதானே என்று நினைத்தேன். அதை நீ இத்தனை நம்புவாய் என்று நினைக்கவில்லை. பொய் சொல்கிறேன். நம்புவாய் என்று தெரிந்துதான் எழுதினேன்.

திங்கட்கிழமை எங்கள் பெரிய டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கடுமையாகத் திட்டினார். விருதுநகர் டாக்டருக்கு சென்டர் பெயரில் கடிதம் போட்டார். தவறு எங்களுடையது என்று அதில் எழுதியிருக்கிறது, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதோடு முடிந்துவிட்டது, வேலை போகவில்லை. எதற்குப் பயந்து உன் உதட்டைப் பலிகொடுத்தேனோ, அது நடக்கவே இல்லை. ஜூனிலேயே சொல்லியிருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும்.

ராக்காயி அக்கா முடிச்சுப் போட்டாள். அதற்கப்புறம் வீடியோக்காரர், "மாப்பிள்ளையோட கூடப்பிறந்த அக்கா யாரு, முன்னால வாங்க" என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். கீழே இருந்த ஓவியா, "எங்க அம்மாதான் அது, வரல" என்று சத்தமாகச் சொன்னாள். லைட்டை என் முகத்தில் போட்டுக்கொண்டே நின்றார் வீடியோக்காரர். நான் அழுததெல்லாம் அப்படியே பதிவாகியிருக்கிறது.

சண்முகத்தாய் வீட்டில் உன்னை உள்ளே சாப்பிடச் சொன்னேனே, மச்சான் எடுத்துக்கொண்டதுதான் சரி. அவர்கள் உன் வாயைப் பார்க்கக் கூடாது என்றுதான் சொன்னேன். இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு, அக்கா.

உன் தம்பி,
அன்பரசன்


தாயில்பட்டி
21.1.2007

அன்பரசனுக்கு,

நீ அனுப்பிய பொங்கல்படிச் சீர் வந்து சேர்ந்தது. பாவாடை ஓவியாவுக்கு அளவாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தெருவையே சுற்றிவந்தாள். உன் மனைவி எழுதிய தனிக் கடிதமும் கிடைத்தது. நல்ல பெண். அவளுக்குப் பதில் போட்டுவிட்டேன்.

முகவாயில் எறும்பு ஊர்வது மாதிரி கொஞ்சம் தெரிகிறது. உதடு அப்படியேதான். டாக்டரம்மாவிடம் மாதம் ஒரு தடவை போகிறேன். உங்கள் சென்டர் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்கள் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரை நானே கூட்டிப்போய் அவர் முன்னால் உட்காரவைத்தேன். மெல்ல மற்றவர்களும் வருவார்கள்.

நீ உண்மையைச் சொன்னது நல்லது. உன்மேல் கோபமெல்லாம் போய்விட்டது. அது போன இடத்தில் பழையபடி ஒன்றும் வந்து உட்காரவில்லை. உன் கடிதம் வந்தால் முன்பெல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிரிப்பேன். இப்போது ஒவ்வொரு வரியையும் இது நிஜமா என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. அப்படி வாசிக்க எனக்கு முடியவில்லை. உன்னிடம் அப்படி இருக்க எனக்குத் தெரியவும் தெரியாது.

அதனால் நானாக எழுதும்வரை நீ எனக்கு எழுத வேண்டாம். ஓவியாவுக்கு எழுது. நீ அவளுக்குத் தாய்மாமன், அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவள் இப்போது நன்றாக வாசிக்கிறாள்.

வேல்விழி